டயர் காற்றுக்கும் எடைக்கணக்கு உண்டு



வரி, உரிமம், எடைக்கல் முத்திரை, சரக்கு இருப்பு என்று பல விஷயங்களை நாம் இப்பக்கங்களில் படித்து வருகிறோம். இம்முறை பாடம் சற்று வேறானது. நம் கடை வாசலில் நிற்கும் மொபெட், மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர் ஆகியவற்றின் டயரில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்பதுதான் அது. 'இதையெல்லாம் பஞ்சர் கடைக்காரர் பார்த்துக்கொள்வார்' என்று எண்ணி நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். மண்டியிலிருந்து சரக்கு எடுப்பதும், வீடுகளுக்கு டோர் டெலிவரி கொடுப்பதும் பெரும்பாலும் இருசக்கர வண்டியில்தான் நடக்கிறது. கடையில் கால் கிலோ சீரகத்தைக் கிராம் சுத்தமாக நிறுக்கும் நாம், அந்தச் சீரகத்தையும் அதைக் கொண்டுபோகும் பையனையும் தாங்குகிற காற்றை நிறுப்பதே இல்லை.

இந்த விஷயத்தில் நம்மிடையே இரண்டு தவறான எண்ணங்கள் உலவுகின்றன. வயதானவர்கள், 'கல் மாதிரி காற்று அடித்தால் பெட்ரோல் மிச்சம்' என்கிறோம். நம் பிள்ளைகளோ, 'காற்றைக் குறைத்தால்தான் ரோட்டில் பிடிப்பு கிடைக்கும், ரேஸ் ஓட்டுகிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்' என்கிறார்கள். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் எந்த இடத்தில், எந்தச் சுமையோடு என்று பார்க்காமல் அதை எடுத்துக்கொண்டால் ஆபத்து. சாலைக்கு ஒரு கணக்கு, பந்தயத் தளத்துக்கு ஒரு கணக்கு என்று இரண்டு கணக்கு இருக்கிறது. இரண்டையும் வரிசையாகப் பார்ப்போம்.

எடையைத் தாங்குவது எது?

காற்றடைத்த டயருக்கு 1845-ல் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். அது அப்போது எடுபடவில்லை. பிறகு 1888-ல், பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் அதே யோசனையைத் தாமாகவே கண்டு சைக்கிளுக்குப் பயன்படுத்தினார். அன்று முதல் இன்று வரை அடிப்படை மாறவில்லை. டயர் ஒரு பை. வண்டியின் எடையைப் பெரும்பாலும் தாங்குவது அந்தப் பையில் அடைபட்ட காற்று. ரப்பரும் உள்ளே இருக்கும் நூலிழைகளும் அந்தக் காற்றைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கின்றன.

நம் ஊர் கேஜில் காட்டும் எண் பி.எஸ்.ஐ. எனப்படும். ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்பது அதன் பொருள். பேச்சு வழக்கில் '28 பவுண்டு காற்று' என்கிறோம். ஏறத்தாழ 14.2 பவுண்டு என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ. ஆகவே 28 பவுண்டு என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம்.

இதை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். பின் சக்கரத்தில் 140 கிலோ சுமை விழுகிறது. உள்ளே 28 பவுண்டு காற்று இருக்கிறது. 140-ஐ 2-ஆல் வகுத்தால் 70. அதாவது சுமார் 70 சதுர சென்டிமீட்டர் அளவுக்கு டயர் தரையில் பதிகிறது. நான்கு தீப்பெட்டிகளைப் பக்கம் பக்கமாக வைத்தால் வரும் இடம் அவ்வளவுதான். நம் வண்டி பிரேக் பிடிப்பதும் வளைவதும் அந்த இடத்தை நம்பித்தான். டயரின் பக்கச் சுவருக்கும் கொஞ்சம் விறைப்பு உண்டு என்பதால் இக்கணக்கு துல்லியமானது அல்ல. என்றாலும் விஷயம் விளங்கும்.

அதே சுமையில் காற்று 14 பவுண்டுக்கு இறங்கிவிட்டால், பதியும் இடம் இரண்டு மடங்கை நெருங்குகிறது. 'இடம் கூடினால் பிடிப்பும் கூடுமே, நல்லதுதானே' என்று கேட்கத் தோன்றும். பிள்ளைகள் சொல்வதும் இதைத்தான். ஆனால் அவ்வளவு இடம் பதிய வேண்டுமானால் டயர் அந்த அளவுக்கு நசுங்க வேண்டும். மொபெட்டில் போடும் 16 அங்குல டயர் ஒரு கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 600 சுற்றுச் சுற்றுகிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 24,000 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் டயரின் ஒவ்வொரு பாகமும் ஒருமுறை நசுங்கி நிமிர்கிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் அந்த இடம் சூடாகி ஒடிவது போல, டயரின் பக்கச் சுவரும் சூடேறிப் பலமிழக்கிறது. காற்று குறைந்த டயர் வெடிப்பதற்கு முதற்காரணம் இதுதான்.

குளிர்ந்த அளவும் சூடான அளவும்

வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் கையேட்டிலும் கொடுத்துள்ள அளவு குளிர்ந்த டயருக்கானது. குளிர்ந்த டயர் என்றால் குறைந்தது மூன்று மணி நேரம் வெயில் படாமல் நின்ற வண்டியின் டயர். காலையில் கடை திறக்கும் முன் பார்ப்பது மிகவும் பொருத்தம்.

அடைத்து வைத்த காற்று சூடானால் அதன் அழுத்தம் கூடும். நாம் எடுத்துக்கொண்ட 28 பவுண்டுக்கு, ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் சூட்டுக்கும் சுமார் 1.4 பவுண்டு ஏறும். காலையில் 30 டிகிரியில் 28 பவுண்டு வைத்த டயர், ஓடி 60 டிகிரிக்குச் சூடானால் 32 பவுண்டு காட்டும். இது இயல்பானது. வண்டியை வடிவமைத்தவர்கள் இதையும் சேர்த்துத்தான் ஸ்டிக்கரில் எண் போட்டிருக்கிறார்கள்.

இது தெரியாமல் பலர் செய்யும் வேலை ஒன்று உண்டு. நடுப்பகலில் சூடான டயரோடு பங்குக்குப் போய், கேஜ் 32 காட்டுகிறதே என்று காற்றைப் பிடுங்கி 28-க்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். இரவு டயர் குளிர்ந்ததும் அதே டயரில் 24 பவுண்டுதான் இருக்கும். மறுநாள் காலை அதன் மேல் சரக்கு ஏற்றுகிறோம். ஆகவே சூடான டயரிலிருந்து ஒருபோதும் காற்றை இறக்கக் கூடாது. சூடாக இருக்கும்போதே ஸ்டிக்கர் அளவைவிடக் குறைவாகக் காட்டினால், காற்று நிச்சயமாகப் போதவில்லை என்று பொருள். அப்போது ஸ்டிக்கர் அளவுக்கு மேல் இரண்டு மூன்று பவுண்டு சேர்த்து அடித்துக்கொண்டு, மறுநாள் காலையில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

சாலைக்கான அளவு: சுமைதான் தீர்மானிக்கிறது

ஸ்டிக்கரில் பொதுவாக முன் சக்கரத்துக்கு ஓர் எண்ணும் பின் சக்கரத்துக்கு இரண்டு எண்களும் இருக்கும். பின் சக்கரத்தின் முதல் எண் ஒருவர் மட்டும் ஓட்டும்போது. இரண்டாவது எண் பின்னால் ஆள் அமர்ந்திருக்கும்போது. ஸ்டிக்கர் சில வண்டிகளில் செயின் கார்டின் மீதும், சிலவற்றில் சீட்டுக்கு அடியிலும் இருக்கும். பழைய வண்டியில் அழிந்து போயிருந்தால் கையேட்டைப் பார்க்கலாம், அல்லது அந்தக் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில் கேட்டு, எண்களைப் பெயிண்டால் வண்டியிலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம். பக்கத்துக் கடைக்காரர் வண்டியின் அளவை நம் வண்டிக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது.

நமக்கு முக்கியமானது அந்த இரண்டாவது எண். பின்னால் ஆள் இல்லாவிட்டாலும், 25 கிலோ அரிசிச் சிப்பம் இரண்டைக் கேரியரில் கட்டினால் ஓர் ஆள் ஏறியதற்குச் சமம். அதுவும் முழுச் சமம் அல்ல, சற்று அதிகம். ஏன் என்று பார்ப்போம்.

இரண்டு சக்கரங்களுக்கும் இடையே 120 சென்டிமீட்டர் தூரம் உள்ள ஒரு மொபெட்டை எடுத்துக்கொள்வோம். வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 155 கிலோ. அதில் முன் சக்கரத்தில் 65, பின் சக்கரத்தில் 90 விழுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு சிப்பங்களையும் பின் அச்சுக்கு 20 சென்டிமீட்டர் பின்னால் தள்ளிக் கேரியரில் கட்டுகிறோம். தராசுத் தண்டின் கணக்குத்தான் இதுவும். பின் அச்சு தண்டின் நடு முள் போல நின்று, பின்னால் தொங்கும் எடை முன் சக்கரத்தைத் தூக்குகிறது. 50 கிலோ ஏற்றியதற்குப் பின் சக்கரத்தில் 58 கிலோ கூடுகிறது. முன் சக்கரத்தில் 8 கிலோ குறைகிறது. ஆக பின்னால் 148, முன்னால் 57.

இப்போது டயரின் பக்கச் சுவரைப் பாருங்கள். '2.50-16' என்ற அளவை அடுத்து '41 எல்' என்பது போல ஒரு குறி இருக்கும். 41 என்ற குறிக்கு அந்த டயர் தாங்கும் உச்சச் சுமை 145 கிலோ. எல் என்ற எழுத்துக்கு உச்ச வேகம் 120 கிலோமீட்டர். அந்த 145 கிலோவும், அதற்கென்று குறித்த முழு அளவு காற்று உள்ளே இருந்தால்தான். மேலே சொன்ன வண்டி இரண்டே சிப்பத்தில் அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. நாம் மண்டி வாசலில் தினமும் பார்க்கும் வண்டிகளில் இரண்டு சிப்பத்தோடு ஒரு எண்ணெய் டின்னும் தொங்கிக்கொண்டிருக்கும்.

அதே இரண்டு சிப்பத்தில் ஒன்றை இறக்கி முன்னால் கால் வைக்கும் தட்டில், இரு சக்கரங்களுக்கும் நடுவாக வைத்துப் பாருங்கள். பின் சக்கரத்தில் 132 கிலோ, முன் சக்கரத்தில் 73 கிலோ என்று மாறுகிறது. சரக்கு குறையவில்லை, ஆனால் பின் டயர் எல்லைக்குள் வந்துவிட்டது. முன் சக்கரமும் தரையை விட்டு மிதக்காமல் கைப்பிடிக்குக் கட்டுப்படுகிறது. ஆகவே காற்றைப் பார்ப்பதற்கு முன் சுமையை எங்கே வைக்கிறோம் என்று பார்க்க வேண்டும். எல்லை மீறிய சுமையைக் கூடுதல் காற்று அடித்துச் சரிசெய்ய முடியாது. இரண்டு நடையாகப் போவதே வழி.

காலையில் சுமையோடு போய் வெறும் வண்டியாகத் திரும்புகிறோம், எந்த அளவை வைப்பது என்ற கேள்வி வரும். அன்றைய அதிகச் சுமைக்கு உரிய அளவை வைக்க வேண்டும். திரும்பும்போது வண்டி கொஞ்சம் குதிக்கும். மெதுவாக வந்தால் போதும். ஆனால் ஸ்டிக்கரில் உள்ள இரண்டாவது எண்ணுக்கு மேல் போகக் கூடாது. சில இடங்களில் முன், பின் இரண்டுக்கும் சேர்த்து 40, 45 என்று அடித்து அனுப்பிவிடுகிறார்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. தரையில் பதியும் இடம் சுருங்கி, நடுப்பட்டை மட்டும் தேய்கிறது. மழை நாளில் பிரேக் பிடித்தால் சறுக்குகிறது. பெட்ரோலில் கிடைக்கும் மிச்சத்தை டயர் விலை விழுங்கிவிடும்.

பந்தயத் தளத்தில் ஏன் குறைக்கிறார்கள்?

இனி பிள்ளைகளின் வாதத்துக்கு வருவோம். இதைக் கேலி செய்து தள்ளிவிட முடியாது. நம் மாநிலத்தில் மோட்டார் பந்தயத்துக்கு நீண்ட பழக்கம் உண்டு. சென்னைக்கு அருகே சோழவரத்தில், போர்க்காலத்தில் அமைத்த பழைய விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயங்கள் நடந்தன. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமும் 12 வளைவுகளும் கொண்ட பந்தயத் தளம் திறக்கப்பட்டது. கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே 2003-ல் வந்தது. சொந்த மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோய்க் கட்டணம் கட்டிப் பயிற்சி எடுக்கும் இளைஞர்களும் உண்டு. வணிகர் வீட்டுப் பிள்ளைகளும் அவர்களில் இருக்கலாம்.

அங்கே போகிறவர்கள் காற்றைக் குறைப்பது உண்மை. 1000 சி.சி. பந்தய ரக வண்டிகள் பலவற்றில் சாலைக்கு முன் 36, பின் 42 என்று ஸ்டிக்கரில் போட்டிருக்கும். பந்தயத் தளத்தில் அதை 30-ஐ ஒட்டிய அளவுக்கு இறக்குவது வழக்கம். காரணங்கள் நான்கு.

முதலாவது, சுமை இல்லை. ஓட்டுபவர் ஒருவர் மட்டும். பின்னால் ஆள் இல்லை, பை இல்லை. இரண்டாவது, தளம் வழவழப்பானது. பள்ளம், வேகத்தடை, ஜல்லி எதுவும் கிடையாது. ஆகவே ரிம் அடிபடும் அச்சம் இல்லை. மூன்றாவது, சூடு. நேராக வந்து கடுமையாகப் பிரேக் பிடித்து, வண்டியைச் சாய்த்து, மறுபடி முடுக்கி என்று ஓய்வே இல்லாமல் ஓட்டுவதால் சாலையில் ஏறுவதைவிடப் பல மடங்கு சூடு டயரில் ஏறுகிறது. சாலை அளவையே அங்கே வைத்தால் நாலைந்து சுற்றுக்குள் அழுத்தம் மிகுந்து, டயர் பந்து போல உப்பி வழுக்கும். சூடேறிய பிறகு சரியான அளவில் வந்து நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் தொடக்கத்தில் குறைத்து வைக்கிறார்கள். நான்காவது, அங்கே பயன்படுத்தும் டயர்களில் பல அந்தச் சூட்டுக்கென்றே செய்த கலவை ரப்பர் கொண்டவை.

அவர்கள் குத்துமதிப்பாகக் குறைப்பதும் இல்லை. முறை இப்படி: டயர் கம்பெனி தந்த அளவில் குளிர்ந்த நிலையில் காற்றை வைக்கிறார்கள். பதினைந்து இருபது நிமிடம் ஓட்டிவிட்டு உள்ளே வந்த உடனேயே, டயர் ஆறும் முன், கேஜை வைக்கிறார்கள். சூடான அளவு என்னவாக இருக்க வேண்டும் என்று கம்பெனி சொல்லியிருக்கிறதோ அதோடு ஒப்பிட்டு, ஒரு பவுண்டு, அரை பவுண்டாகக் கூட்டிக் குறைத்து, நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். வெயில் ஏறினால் மறுபடி பார்க்கிறார்கள். பெரிய பந்தயங்களில் டயருக்கு மின்சாரப் போர்வை சுற்றி, ஓட்டுவதற்கு முன்பே சூடாக்கி வைக்கிறார்கள்.

அளவு எவ்வளவு ஏறியது என்பதிலிருந்தே ஒரு பாடம் கிடைக்கும். சாலையில் ஓடிய டயரில் பத்தில் ஒரு பங்கும், பந்தயத் தளத்தில் ஓடிய டயரில் ஐந்தில் ஒரு பங்கும் ஏறலாம் என்பது அனுபவஸ்தர்கள் வைத்திருக்கும் உத்தேசக் கணக்கு. அதற்கு மேல் ஏறினால், தொடக்கத்தில் காற்று குறைவு, டயர் அதிகமாக நசுங்கிச் சூடாகியிருக்கிறது என்று பொருள். இந்தச் சோதனையை நாமும் செய்யலாம். காலையில் 30 பவுண்டு வைத்த டெலிவரி வண்டி ஓடிவிட்டு வந்ததும் 33 காட்டினால் சரி. 36, 37 காட்டினால் சுமை அதிகம் அல்லது ஆரம்பக் காற்று போதவில்லை. வெயிலில் நின்ற வண்டியில் இச்சோதனை பலிக்காது.

உலகப் பந்தயத்திலேயே ஒரு கீழ் எல்லை உண்டு

உலகின் முதன்மையான மோட்டார் சைக்கிள் பந்தயமான மோட்டோ ஜி.பி.யில் காற்றைக் குறைப்பதில் போட்டியே நடந்தது. டயரின் உட்கட்டு தாங்காமல் போகும் ஆபத்து இருப்பதால், குறைந்தபட்ச அளவு ஒன்றை விதித்து, 2023 ஆகஸ்ட் முதல் பந்தயத்தின்போதே கருவி வைத்துக் கண்காணிக்கத் தொடங்கினார்கள். 2024, 2025 ஆண்டுகளின் விதிப்படி, ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் குறைந்தது 60 சதவீதச் சுற்றுகளில் முன் டயரின் அழுத்தம் 1.8 பாருக்குக் கீழே போகக் கூடாது. அது சுமார் 26 பவுண்டு. அதுவும் சூடேறி ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் உள்ள அளவு. மீறினால் 16 விநாடி தண்டனை.

2025 மார்ச்சில் தாய்லாந்து பந்தயத்தில் முதலாவதாகப் போய்க்கொண்டிருந்த மார்க் மார்க்கெஸ், வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்துத் தம் தம்பி அலெக்ஸ் மார்க்கெஸை முன்னே விட்டார். முன்னால் தனியாகப் போகும்போது எதிர்காற்று டயரைக் குளிர வைக்கிறது. இன்னொரு வண்டியின் பின்னால் போனால் அதன் அனல் பட்டு டயர் சூடாகி அழுத்தம் ஏறும். அப்படி ஏற்றிக்கொண்டு, கடைசிச் சுற்றுகளில் மறுபடி முந்தி வெற்றி பெற்றார். அடுத்த மாதம் கத்தார் பந்தயத்தில் மாவெரிக் வின்யாலெஸ் இரண்டாவதாக வந்தும், முன் டயர் அளவு குறைந்திருந்ததற்காகத் தண்டனை பெற்று 14-வது இடத்துக்குத் தள்ளப்பட்டார்.

சொந்தப் பொறியாளர்களும், விநாடிக்கு விநாடி அளவு காட்டும் கருவியும் உள்ளவர்களே ஒரு எல்லைக்குக் கீழே போகக் கூடாது என்று கட்டுப்பட்டிருக்கிறார்கள். பிள்ளைகளிடம் இதை எடுத்துச் சொன்னால் நம் கோபத்தைவிட வேகமாக அவர்கள் மனதில் ஏறும்.

தளத்திலிருந்து வீடு திரும்பும்போது

உண்மையான ஆபத்து பந்தயத் தளத்தில் இல்லை, அங்கிருந்து திரும்பும் வழியில் இருக்கிறது. காலையில் காற்றைக் குறைத்து ஓட்டிய பையன், மாலையில் களைப்போடு அதே காற்றில் நெடுஞ்சாலையில் திரும்புகிறான். டயர் ஆறிவிட்டதால் அழுத்தம் இன்னும் இறங்கியிருக்கும். பின்னால் நண்பன் ஏறிக்கொள்கிறான். வழியில் பள்ளம் வருகிறது. குறைந்த காற்றில் டயர் முழுக்க நசுங்கி, ரிம் நேராகத் தரையில் இடிக்கிறது. டியூப் உள்ள வண்டியில் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நறுக்கப்படும். டியூப்லெஸ் வண்டியில் ரிம் நெளிந்து, ஓரம் வழியாகக் காற்று வெளியேறும். வளைவில் திரும்பும்போது வண்டி நெளிந்து ஆடும்.

ஆகவே பந்தயத் தளத்துக்குப் போகிற பிள்ளையிடம் நாம் கேட்க வேண்டியது இரண்டு. ஒன்று, கையில் கேஜும் சிறிய பம்பும் இருக்கிறதா? மற்றது, வாசலைத் தாண்டும் முன் சாலை அளவுக்குக் காற்றை ஏற்றினாயா? இந்த இரண்டுக்கும் சரியான பதில் சொல்பவனுக்குக் காற்றின் கணக்கு தெரியும். போகவே வேண்டாம் என்று தடுப்பதைவிட இது பயன்படும்.

தளத்துக்கே போகாமல், கேள்விப்பட்டதை வைத்துக்கொண்டு ஞாயிறு காலையில் ஈ.சி.ஆர். சாலைக்கும், 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைக்கும் காற்றைக் குறைத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. சாலையில் எவ்வளவு வேகமாகப் போனாலும் பந்தயத் தளத்தின் சூடு டயரில் ஏறாது. சூடு ஏறாத டயரில் காற்றைக் குறைத்ததால் கிடைக்கும் லாபம் ஒன்றும் இல்லை. நஷ்டம் மட்டும் முழுதாக வந்து சேரும்.

சில சந்தேகங்கள்

மலை ஏறும்போது காற்றை இறக்க வேண்டுமா? வேண்டாம். மேட்டுப்பாளையத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரமுள்ள ஊட்டிக்குப் போனால், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் மூன்று பவுண்டு வரை கூடக் காட்டும். ஆனால் அங்கே குளிர் என்பதால் டயர் காற்று சுருங்கி ஏறத்தாழ அதே அளவு குறையும். இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும்.

மழைக்காலத்தில் குறைக்கலாமா? கூடாது. சாலை அளவே மழைக்கும் அளவு. பார்க்க வேண்டியது டயரின் கட்டை. காடி தேய்ந்த டயர் தண்ணீரை வெளியே தள்ளாது.

நைட்ரஜன் அடிக்கலாமா? நாம் சாதாரணமாக அடிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஈரப்பசை இல்லாத வாயு என்பது ஒரு சிறு நன்மை. மற்றபடி சூட்டில் ஏறுவதும் குளிரில் இறங்குவதும் அதற்கும் உண்டு. பணம் கொடுத்து நைட்ரஜன் அடித்துவிட்டு மாதக்கணக்கில் பார்க்காமல் விடுவதைவிட, சாதாரணக் காற்றை வாரம் ஒருமுறை பார்ப்பது மேல்.

பஞ்சரே ஆகாத டயரில் காற்று குறையுமா? குறையும். ரப்பர் வழியாகவும் வால்வு வழியாகவும் மாதத்துக்கு ஓரிரு பவுண்டு தானாகவே கசியும். வால்வு மூடி தொலைந்திருந்தால் மண் புகுந்து கசிவு கூடும். சில ரூபாய் விலையுள்ள மூடியை அலட்சியம் செய்யக் கூடாது.

டயரின் வயதை எப்படி அறிவது? பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2324 என்று இருந்தால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். மாவு மூட்டையில் தேதி பார்த்து வாங்கும் நாம் டயரிலும் பார்த்து வாங்க வேண்டும்.

கேஜும் ஒரு தராசுதான்

'அண்ணாச்சி, காத்து நல்லா இருக்கு, அழுத்திப் பார்த்துட்டேன்' என்று கடைப் பையன் சொல்வான். கட்டை விரலால் அழுத்தினால் 20 பவுண்டும் ஒன்றுதான், 30 பவுண்டும் ஒன்றுதான். டயரின் ரப்பர் விறைப்பைத்தான் விரல் உணர்கிறது. கையால் தூக்கிப் பார்த்து ஒரு சிப்பத்தை 25 கிலோ என்று நாம் விற்பதில்லை. காற்றையும் விரலால் நிறுக்க முடியாது.

கடைக்கென்று ஒரு கேஜ் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கீழே போட்டால் அளவு மாறிவிடும் என்பதால் கல்லாப் பெட்டியில் வைப்பது நல்லது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இன்னொரு நல்ல கேஜோடு வைத்து ஒப்பிட வேண்டும். பெட்ரோல் பங்குகளில் காற்று இலவசமாகவே பிடித்துத் தர வேண்டும் என்பதையும் நினைவில் வைக்கவும்.

கடையில் கடைப்பிடிக்க வேண்டியவை

1. வாரத்தில் ஒரு நாள், திங்கட்கிழமை காலை என்று வைத்துக்கொண்டு, வண்டி ஓடும் முன் இரண்டு டயரையும் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும்.

2. வண்டி எண், தேதி, முன் அளவு, பின் அளவு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுத வேண்டும். ஒரே டயரில் வாரா வாரம் மூன்று பவுண்டு குறைந்தால் மெதுவான பஞ்சர் என்று நோட்டே காட்டிக்கொடுக்கும்.

3. ஒருவர் ஓட்டும் அளவு, சுமை அளவு இரண்டையும் வண்டியில் பெயிண்டால் எழுத வேண்டும்.

4. சுமையை இயன்றவரை இரு சக்கரங்களுக்கும் நடுவில், தாழ்வாகக் கட்ட வேண்டும். டயரில் குறித்த சுமையைத் தாண்டினால் இரண்டு நடை.

5. சூடான டயரில் காற்றை இறக்கக் கூடாது.

6. காற்றைப் பார்க்கும் பொறுப்பைப் பையனிடம் கொடுத்தாலும், மாதம் ஒருமுறை முதலாளியே கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் ஆகும் நேரம் வாரத்துக்கு ஐந்து நிமிடம். சிப்பம் சாலையில் சிதறினால் மண்டியில் வேறு சிப்பம் எடுத்துக்கொள்ளலாம். அதை ஏற்றிப்போன பையன் யாரோ ஒரு தாய் நம்மை நம்பி அனுப்பி வைத்தவன். வருகிற திங்கட்கிழமை காலை கடை திறந்ததும், முதல் போணிக்கு முன்பாக, வாசலில் நிற்கும் வண்டியின் பின் டயரில் கேஜை வைத்துப் பாருங்கள். காட்டும் எண்ணை ஸ்டிக்கரோடு ஒப்பிட்டு நோட்டில் முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.